ரொட்டிக்கடை நண்டு

பால்துரை அண்ணாச்சியின் ரொட்டிக்கடைக்குள் கடல்தண்ணி வந்து குடியேறிய வருஷம், தண்ணிக்குள் வைத்த கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரு நண்டும் வந்தது. அதை யாரும் கூப்பிடவும் இல்லை, யாரும் விலைபேசி வாங்கவும் இல்லை. தூத்துக்குடியில் கடலைப் பார்க்காத கண் கிடையாது, ஆனாலும் கடலை இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடிக்குள் நிறுத்தி, மேலே நீல விளக்கைப் போட்டு, பக்கத்தில் மக்ரூன் தட்டையும் வைத்துவிட்டால் வருகிற சனம் இரண்டையும் பார்க்கும் என்று அண்ணாச்சி நினைத்தார், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் தொட்டி மின்ன வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டார்.

தொட்டி வைக்க வந்த சுடலைமுத்து மட்டும் தலையைச் சொறிந்தான். கடலுக்குள் கிடந்த கல் என்றால் அதன் பொந்துக்குள் என்னென்னவோ குடியிருக்கும், ஒரு மாசமாவது கல்லைத் தனியாக ஒரு தொட்டியில் போட்டு, வெளியே வருவதெல்லாம் வரட்டும் என்று காத்திருந்து, பார்த்துப் பொறுக்கி எடுத்த பிறகுதான் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்றான்.

"கல்லை ஒரு மாசம் ஒதுக்கி வைக்கணுமா? அதுக்கு என்ன, அம்மையா போட்டிருக்கு?" என்றார் அண்ணாச்சி. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கல் அன்றைக்கே தொட்டிக்குள் போயிற்று.

அந்தச் சிரிப்பில் சேராமல், தலையைத் தூக்காமல், பன் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டு நின்றவள் ஜெசிந்தா. அந்தக் கடையில் பொட்டலம் கட்டுவதும் கண்ணாடி துடைப்பதும் அவள் வேலை. அவளுக்குச் சத்தமாகப் பேச வராது, அவள் ஒன்று சொன்னால் எதிரில் நிற்கிறவர் "என்ன பிள்ள சொன்ன?" என்று இன்னொரு தரம் கேட்டாக வேண்டும், ரோட்டில் போனாலும் சுவரை ஒட்டித்தான் போவாள். அவள் புருஷன் கஸ்பார், மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணியில் சமையல்காரன். ஒரு நாள் விடியற்காலை நடுக்கடலில் தோணிக்காரர்கள் டீக்காக எழுந்து போய்ப் பார்த்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். அலை அடிக்கவில்லை, சத்தம் கேட்கவில்லை, கூப்பிட்டதாக ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கொடியேற்றம் முடிந்துவிட்டது. அப்பா போனபோது கைக்குழந்தையாக இருந்த அவளுடைய மகள் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டாள்.

கஸ்பாரின் அக்கா எமல்டா மீன் விற்கிறவள், தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், இப்போதும் ஜெசிந்தாவோடு ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிடுகிறவள். தம்பிக்கு ஆத்துமப் பூசை வைத்துவிட வேண்டும் என்பது அவள் பேச்சு. இவர்கள் வீட்டில் சண்டை என்றால் அது ஒன்றுதான், அதுவும் குரல் உயராத சண்டை.

"பூசை வைக்காம விட்டா அவன் எங்க பிள்ள போய் நிப்பான்? அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம?"

"செத்ததைப் பார்த்தவங்க யாரு மதினி?" என்பாள் ஜெசிந்தா, தரையைப் பார்த்துக்கொண்டே. "பார்த்தவங்க வந்து சொல்லட்டும், வைக்கலாம்."

பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் பூசையும் இல்லை. ஜெசிந்தா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்கு வருவாள், எமல்டா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போவாள்.

தொட்டி வைத்துக் கொஞ்ச நாள் ஆனதும் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக ஓடித் திரிந்த மீன் ஒன்று காணாமல் போயிற்று, மெத்தென்று அசைந்துகொண்டிருந்த பவளப் பூக்களை யாரோ கிள்ளித் தின்ற மாதிரி இருந்தது. சுடலைமுத்து கல்லோடு கல்லாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். பொந்துக்குள் மயிர் அடர்ந்த கால் தெரிந்தது, நுனியில் மை தடவின மாதிரி கறுத்த கொடுக்கு தெரிந்தது.

"நல்ல நண்டும் உண்டு அண்ணாச்சி, பவளத்துக்குள்ளயே கிடந்து அதுக்குக் காவல் நிக்கும். இது அந்த ஜாதி இல்ல. இது எல்லாத்தையும் தின்னும். டிக்கெட் எடுக்காம வித்தவுட்ல ஏறி வந்த பய."

அன்றிலிருந்து அதற்கு வித்தவுட் என்றே பேராகிவிட்டது. அதைப் பிடிக்கிற வழியையும் சுடலைமுத்துவே சொன்னான்: ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கல்லின் மேல் சாய்த்து வை, அடியில் இறால் துண்டு ஒன்று போடு, வாசத்துக்கு நண்டு கல் வழியாக ஏறி உள்ளே இறங்கும், கண்ணாடி வழுக்கும், ஏறி வரத் தெரியாது. கடை அடைக்கும்போது ஜெசிந்தா டம்ளர் வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் டம்ளர் இருக்கும், இறால் இருக்காது, நண்டும் இருக்காது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் நண்டு ஒளியாமல் கல்லின் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், அதன் முதுகில் ஒரு தங்கத் திருகாணி ஒட்டியிருந்தது. டீ குடிக்க வந்த ஃப்ளோரன்ஸ் டீச்சர் பார்த்தாள். டீயைக் குடித்து முடித்தாள், கிளாஸை வைத்தாள், கண்ணாடிப் பக்கம் போய், "இது என்னோடது. கல்யாணமான புதுசுல கடல்ல குளிக்கப் போயி விழுந்துச்சு" என்றாள். அவள் சொல்லி முடித்ததும் நண்டு மெல்ல நடந்து போய், தன்னைப் பிடிக்க வைத்திருந்த டம்ளரின் வாயில் நின்று, பின்னங்காலால் முதுகைத் துழாவி, திருகாணியைக் கழற்றி டம்ளருக்குள் போட்டுவிட்டுப் பொந்துக்குப் போயிற்று. ஜெசிந்தா டம்ளரை வெளியே எடுத்து, திருகாணியைப் பட்டர் பேப்பரில் துடைத்துக் கொடுத்தாள். டீச்சர் ஒரு காதின் தோட்டில் கிடந்த பித்தளைத் திருகாணியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுப் பார்த்தாள், சரியாக ஏறிக்கொண்டது. ரெண்டு ரஸ்க் பாக்கெட் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தன. கடல் எந்தக் காலத்திலோ இந்த ஊரிடம் வாங்கி வைத்துக்கொண்டதெல்லாம், எந்த வாய்க்கால் வழியும் இல்லாத அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள், ஒவ்வொன்றாக நண்டின் முதுகில் ஏறி வந்தன: கல்யாண மோதிரம், சாவி, முன்பல் ஒன்று, பாலித்தீனில் சுற்றிய ஒரு ஜெபமாலையின் சிலுவை, கண்ணாடிக்கல் மூக்குத்தி. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். உரியவர் வந்து நின்று, தன் வாயால் என்னோடது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நண்டு டம்ளருக்குள் போடும். சொல்லாத வரைக்கும் சுமந்துகொண்டே திரியும், அடுத்ததும் வராது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள நாளாகவில்லை. வெறுங்கையோடு வந்து தொட்டியைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஒரு பன்னாவது வாங்கினார்கள். நண்டின் பக்கமாகக் கையை நீட்டக்கூடாது, பிறத்தியார் பொருளுக்கு விலை சொல்லக்கூடாது, கிடைத்தவரிடம் அது எப்படித் தொலைந்தது என்று கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லாமலே வழக்கமாயிற்று. ஒரு மோதிரத்துக்கு ரெண்டு பேர் என்னோடது என்று சொன்னார்கள். முதல் ஆள் சொன்னபோது நண்டு அசையவில்லை, அடுத்தவர் சொன்னதும் டம்ளருக்குள் போட்டது. பொய் சொன்னவர் சீனி போடாத டீயைக் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போனார், அதற்குப் பிறகு யாரும் அப்படி முயன்று பார்க்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு டீ சொல்லிவிட்டு வெகுநேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதை நம்பணும்னு திருச்சபை சொல்லல. நம்பக்கூடாதுன்னும் சொல்லல. வரிசையில நிக்கிறவங்க காலணிய வழியில போடாம இருங்க" என்றார். சுடலைமுத்து மட்டும் வாரம் ஒரு தரம் வந்து, தண்ணியைச் சோதித்துவிட்டு, "இருக்கிற பூவையெல்லாம் தின்னு தீர்த்துட்டு நிக்கி. இனி மீனும் மிஞ்சாது" என்பான். யாரும் காதில் வாங்கவில்லை. இறால் துண்டைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வரிசையில் நிற்கிறவர்கள் ஜெசிந்தாவைப் பார்த்து நல்ல மனசோடு சொல்வார்கள்: "உனக்கும் ஒரு நாள் வரும் பிள்ள." அவள் பொட்டலத்தின் நூலை இறுக்கி முடிச்சுப் போடுவாள். கடலிடம் இருக்கிறதுதான் நண்டின் முதுகில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் வராத ஒவ்வொரு நாளும் கஸ்பார் எங்கோ ஒரு தீவில், எங்கோ ஒரு அடுப்புக்கு முன்னால், யாருக்கோ டீ போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அதனால் தினமும் கடை திறக்கும்போது அவள் தொட்டியைத் துணியால் துடைப்பாள், ஆனால் துணியை மட்டும்தான் பார்ப்பாள். வரிசையில் முதலாவதாக நிற்கிறவர் பெருமூச்சு விட்டு அது வேறு யாருடையதோ என்று முணுமுணுத்த பிறகுதான் நிமிர்வாள்.

எமல்டாவும் மீன் விற்று முடித்ததும் வந்து நிற்க ஆரம்பித்தாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்று ஊருக்கே தெரியும்.

கொடியேற்றத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் வரிசை வருவதற்கு முன்னாலேயே ஜெசிந்தா பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. நண்டு துணிக்கு நேராகக் கண்ணாடியில் வந்து நின்றது. அதன் முதுகில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். நாலு கண் பொத்தான், நாலு கண்ணிலும் நீல நூல்.

கஸ்பார் கிளம்பிய அன்று சட்டையின் மேல்பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது, மகளின் பாவாடை தைத்த நீல நூலால் அவள்தான் அவசரமாகத் தைத்தாள், அவன் கழற்றக்கூட நேரமில்லாமல் போட்டுக்கொண்டு நின்றபடியே. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த எமல்டா, "வெள்ளைச் சட்டைக்கு நீல நூலா? மாலத்தீவுக்காரன் உன் பொண்டாட்டி கண்ணுக்குப் பவர் என்னன்னு கேக்கப் போறான்" என்று சிரித்தாள். அவன், "கேட்டா எங்க அக்கா கண்ணாடி வாங்கித் தரலன்னு சொல்லுதேன்" என்றான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவன் கழுத்தில் சோப்பு வாசம் அடித்தது.

ஜெசிந்தா துணியைப் பிழிந்தாள். அந்தப் பக்கம் போய்ப் பன் தட்டுகளை அடுக்கினாள். ஒரு பொத்தான்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தோணி ஓரத்தில் சாய்ந்து நின்றால் கயிற்றில் மாட்டும், மாட்டினால் கழன்று விழும், பொத்தான் போனதற்காக ஆள் போய்விடுவானா. வரிசை வந்தது. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பொத்தானா என்றார்கள். யாரும் என்னோடது என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

மத்தியானம் எமல்டா வந்தாள். ஜெசிந்தாவின் கை அதுவாகவே போய் நீல விளக்கை அணைத்தது. "சூடாயிட்டு மதினி, கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்றாள். எமல்டா ஒன்றும் கேட்காமல், தன் அகலமான உடம்போடு கண்ணாடியின் அந்த மூலையை அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எமல்டா வருவாள், ஜெசிந்தா விளக்கை அணைப்பாள், எமல்டா இருட்டுத் தொட்டிக்கு முன்னால் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். வீட்டில் பூசைப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அது ஜெசிந்தாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. மதினி வரிசையில் நின்று தேடுவதை நான் கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சோற்றைப் பிசையும்போதெல்லாம் நினைத்தாள், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், மகள் தண்ணி கேட்பாள், எழுந்து போய்விடுவாள்.

நண்டு பொத்தானைச் சுமந்துகொண்டே திரிந்தது. அதற்குப் பின்னால் காத்திருந்த பொருள்கள் எத்தனையோ, அதெல்லாம் வரவில்லை. வரிசையில் சலிப்புத் தட்டியது.

"எவன் பொத்தானோ, வந்து வாங்கித் தொலைஞ்சா என்ன?"

"ஒரு பொத்தானுக்குப் போயி எவன் வருவான் வே? தையக்கடையில அள்ளிக் குடுப்பான்."

"என் மவ கொலுசு அதுக்குப் பின்னால நிக்கோ என்னவோ."

ஜெசிந்தா கொலுசு என்று சொன்னவளின் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினாள். நண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இறால் துண்டு டம்ளரில் ஊறிக் கிடந்தது, தண்ணி கலங்கியது. சுடலைமுத்து வந்து பார்த்து, அது தோடு உரிக்கிற நேரம், முதுகில் பாரத்தை வைத்துக்கொண்டு உரிக்க முடியாமல் கிடக்கிறது, இப்படியே விட்டால் கல்லுக்குள்ளேயே சாகும், அது செத்தால் தொட்டியும் போச்சு என்றான். கல்லை வெளியே எடுத்து, உப்பை இரண்டு பங்காகக் கரைத்த தண்ணிக்குள் வைத்தால் உள்ளே இருக்கிறது தாங்காமல் வெளியே வந்துவிடும், இடுக்கியால் பொத்தானைப் பிடுங்கி எடுத்துவிடலாம் என்றான்.

"பிடுங்கினா அதுக்கு வலிக்குமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒட்டி வச்சிருக்கில்லா. தோலும் சேந்து வரும். பிழைக்கவும் செய்யலாம்."

ஊர் கூடிப் பேசியது. சிலர் வேண்டாம் என்றார்கள், காத்திருந்தவர்கள் வேணும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து சனம் அப்படியே கடைக்கு வந்தது. கடைக்கு நடுவில் மாவு பிசைகிற பெரிய அலுமினியச் சட்டியை வைத்து, ஜெசிந்தாதான் உப்பைக் கரைத்தாள், அவள்தான் தினமும் தொட்டிக்குச் செய்கிறவள். கரைக்கக் கரைக்க உப்பு அடியில் தங்கியது, இன்னும் கரைத்தாள். சுடலைமுத்து கல்லைத் தூக்கி மெல்ல உள்ளே இறக்கினான். ஆள் ஆளாகக் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னப் புழுக்கள் வந்தன, ஊசி மாதிரி ஒரு இறால் வந்தது, பிறகு பொந்திலிருந்து கறுத்த கொடுக்கு ஒன்று வந்தது. நண்டு தள்ளாடிக்கொண்டு கல்லின் மேல் ஏறியது. பொத்தான் வெயிலில் மின்னியது, நீல நூல் இப்போது யாருக்கும் தெரியும்.

சுடலைமுத்து இடுக்கியைத் திறந்தான்.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஜெசிந்தாவின் கண்ணைப் பொத்தியது. ஐஸும் சாளை மீனும் மணக்கிற கை, தடித்த கை.

"நீ பார்க்காத பிள்ள," என்றாள் எமல்டா அவள் காதுக்குள். "இங்க ஒண்ணும் இல்ல. நீ போயி டீ போடு, போ."

ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்தாள். கையை எடுக்கவில்லை, பிடித்தபடியே இருட்டுக்குள் நின்றாள். மதினி எத்தனை நாளாக அந்த மூலையை அடைத்துக்கொண்டு நின்றாள், எதற்காக நின்றாள் என்பது அந்த இருட்டுக்குள் அவளுக்கு மெல்ல விளங்கியது.

"எப்ப பாத்தீங்க மதினி?"

"நீ விளக்க அணைக்கிறதுக்கு முந்தின நாளே. கடை அடைக்கிற நேரம் பன் வாங்க வந்தேன். நீ தலையக் குனிஞ்சு நூல் சுத்திக்கிட்டு நின்ன."

"ஏன் சொல்லல?"

"எப்படிட்டி சொல்லுவேன்?" என்றாள். "நீ விளக்க அணைச்சியே. உனக்கும் தெரிஞ்சு போச்சோன்னு ஒரு நாள் தோணும். இல்ல, சூடாத்தான் இருக்கும்னு ஒரு நாள் தோணும். உன் வாயில இருந்து வரட்டும்னு நின்னேன்."

சுடலைமுத்து இடுக்கியோடு அப்படியே நின்றான். அண்ணாச்சி அவன் கையைத் தாழ்த்தினார். ஜெசிந்தா மதினியின் கையைக் கண்ணிலிருந்து இறக்கி, சட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் அவள் இதுவரை பேசினதில்லை.

"அது என்னோடது," என்றாள். யாரும் என்ன பிள்ள சொன்ன என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

அங்கே டம்ளர் இல்லை. நண்டு கல்லின் விளிம்புக்கு வந்து காத்திருந்தது. அவள் கையைத் தண்ணிக்குள் நீட்டினாள், உப்பு அவள் நகக்கண்ணில் எரிந்தது. நண்டு அவள் உள்ளங்கையில் ஏறி, காலால் முதுகைத் துழாவி, பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போயிற்று. போகும்போதே அதன் முதுகு ஓரத்தில் பிளந்தது, சுடலைமுத்து அதை இரண்டு கையாலும் ஏந்தித் தொட்டிக்குள் விட்டான்.

எமல்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகப் பூசை பூசை என்று கேட்டவள், தம்பி செத்துவிட்டான் என்று தெருவுக்கே சொன்னவள், ஜெசிந்தாவின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகச் சொன்னாள்:

"பொத்தான்தான பிள்ள. எங்கயாச்சும் மாட்டியிருக்கும், கழண்டிருக்கும். அவன் சட்டையில எந்தப் பொத்தான் நின்னுச்சு? சின்னதுலயே பிச்சுப் பிச்சுப் போடுவான். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ஜெசிந்தா பொத்தானைத் திருப்பினாள். பின்னால் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, ஊசியை உள்ளே விட்டு இழுத்து, பல்லால் கடித்த நுனியோடு, கெட்டியாக இருந்தது. நூல் எங்கும் அறவில்லை. நூலின் வளையத்துக்குள் பிடித்து வைத்திருந்த துணிதான் இல்லை. நூல் அறுந்து விழுந்த பொத்தானாக இருந்தால் முடிச்சு இருந்திருக்காது. துணி கிழிந்து வந்ததாக இருந்தால் ஒரு இழையாவது ஒட்டியிருக்கும். நூல் பிடித்துக்கொண்டே இருக்க, துணி மெல்ல மெல்ல ஊறி, இற்று, கரைந்து போயிருக்கிறது. நெடுநாள் ஆகியிருக்கும். அவ்வளவு நாளும் சட்டை கடலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது, அதை அவன் உடம்பிலிருந்து யாரும் கழற்றவில்லை.

"இல்ல மதினி," என்றாள். முடிச்சை அவளிடம் காட்டினாள். "இது கழலல. நான் தச்சது அப்படியே இருக்கு. சட்டைதான் போயிருக்கு."

எமல்டா முடிச்சைப் பார்த்தாள். பிறகு அவள் தலை ஜெசிந்தாவின் தோளில் சாய்ந்தது, அந்தப் பெரிய உடம்பு முழுக்க அவள் மேல் வந்து விழுந்தது, ஜெசிந்தா தரையில் ஒரு கையை ஊன்றி அதைத் தாங்கிக்கொண்டாள். கூடி நின்றவர்களில் கொலுசுக்குக் காத்திருந்தவள் முதலில் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

யாரும் சொல்லாமலே பால்துரை அண்ணாச்சி எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவில் சாவு என்றால் இறக்குகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், ஒருத்தர் போய் அவர் காதில் சொன்னார், அவரும் இறக்கினார். அடுத்து சைக்கிள் கடை, அடுத்து அரிசிக்கடை, அடுத்து ஜெராக்ஸ் கடை. கஸ்பாருக்காக இரண்டு வருஷமாக இறங்காத ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே போன சத்தம் கோயில் முக்கு வரைக்கும் கேட்டது.

ஜெசிந்தா மதினியை மாவு மூட்டையில் சாய்த்து உட்காரவைத்தாள். பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"நீங்க இருங்க. சாமியார் வீட்டுக்கு நான் போறேன்," என்றாள். "பூசைக்கு நாள் நான் கேட்டுட்டு வாரேன்."

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். ரெண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள், சுவரை ஒட்டி நடக்க இடம் இல்லை. அவள் தெருவின் நடுவில் நடந்து போனாள்.